வீரபாகு மைக் பிடித்த நாள்

வீரபாகுவின் வண்டியில் ஏறும் பெண்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. முகத்துக்கு நேரே அண்ணா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்பார்கள். அது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. விழுந்தபோது முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றுக்கு ஷிப்ட் வேன் ஓட்டுகிறவன் சிரித்துக்கொண்டு இருந்தால் பிழைக்க முடியாது. ஒருத்தி தலை பின்னவில்லை என்பாள். ஒருத்தி பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வாய் ஊட்டிவிட்டு வருகிறேன் என்பாள். எல்லோருக்கும் நின்றால் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். அதனால் அவன் ஒரு ஹாரன் அடிப்பான், அப்புறம் இன்னொன்று அடிப்பான். அதற்குள் ஏறாதவள் அன்றைக்கு டவுன் பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்பான். அது இலங்கை அகதிகள் இருக்கிற சிலோன் கேம்ப்பின் வாசல். அங்கே ஏறுகிறவள் கஜேந்தினி, கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண். கேம்ப் குழாயில் தண்ணீர் வருவதும் வண்டி வருவதும் ஒரே நேரம். அம்மா யோகராணிக்கு முழங்கால் சரியில்லை, குடம் தூக்க முடியாது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பெண் கடைசிக் குடத்தை இறக்கிவிட்டுக் கை ஈரத்தோடு ஓடி வரும்வரை வீரபாகு இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பான். ஏன் என்று யாராவது கேட்டால், "அவுங்களுக்கு இங்க யாரு கீறாங்க?" என்பான். அதில் பொய் இல்லை. ஆனால் நாம் ஒருத்தருக்கு நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பிலும் ஒரு ருசி இருக்கிறது. காலையில் குடிக்கிற முதல் டீ மாதிரி. அது இல்லாமல் அவனுக்கு நாள் ஓடாது.

போன மே மாதம் அவனுக்கு ஒரு வாடகை அமைந்தது. வேலூர்ப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறை வகுப்பு. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவர்கள், நாடுவிட்டு நாடு ஓடிவந்த அகதிகள், அவர்களுக்காக அரசாங்கங்கள் போடுகிற சட்டதிட்டங்கள், இவைதான் பாடம். கேரளாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள், நேபாளத்துப் பெண் ஒருத்திகூட இருந்தாள். அவர்களை ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் கூட்டிப்போய்த் தோல் பதனிடும் ஷாப்களில் வேலை செய்யும் பீகார், ஒடிசாக்காரர்களைக் காட்ட ஒரு வேன் வேண்டும். வீரபாகு காலையில் கம்பெனிப் பெண்களை இறக்கிவிட்டு நேராக வேலூர் போய்விடுவான். சாயங்கால ஷிப்டை அவனோடு வண்டி ஓட்டும் அஸ்பாக் பார்த்துக்கொண்டான்.

"மே மாசத்துல எவன்யா படிப்பான்? லீவு வுட்டா ஊருக்குப் போவாங்களா, அகதியைப் பத்திப் படிக்க வர்றாங்களா?" என்று அஸ்பாக் சிரித்தான்.

"உனக்கு இன்னா பேஜாரு? அவுங்க படிக்கிறாங்க, நான் ஓட்டுறேன்" என்றான் வீரபாகு.

வெயில் தாங்காமல் வண்டியில் உட்கார முடியாது. வகுப்பை நடத்துகிற சௌமியா மேடம்தான் அவனை உள்ளே கூப்பிட்டாள். "அண்ணா, ஏ.சி. ஓடுது, பின்னாடி வந்து உக்காருங்க." சின்ன வயதுக்காரி, குடியாத்தம் நெசவுக்காரர் வீட்டுப் பெண். இங்கிலீஷில் பொரிந்து தள்ளிவிட்டு அவனிடம் மட்டும் நம் ஊர்ப் பேச்சில் பேசுவாள். வீரபாகு எட்டாவதோடு நின்றவன். கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தான். சுவரில் உலகப் படம், அதில் மேலும் கீழுமாக அம்புக்குறிகள். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று காட்டுகிறதாம். நம் ஆம்பூர் எங்கே என்று அவன் தேடிப் பார்த்தான். ஒரு புள்ளிகூட இல்லை.

டீ நேரத்தில் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஒடிசா பையன்கள் எந்த ரயிலில் வருகிறார்கள், பத்துப் பேர் ஒரே அறையில் எப்படித் தூங்குகிறார்கள், அணைக்கட்டு தாலுகாக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஷூ கம்பெனிக்கு வர ஆரம்பித்தது எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். அவன் சொல்லச் சொல்ல மேடம் மொழிபெயர்த்தாள், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவன் பேச்சை அதுவரை ஒருவரும் எழுதிக்கொண்டதில்லை. வீட்டில்கூட, அவன் வாயைத் திறந்தால் பெண்டாட்டி டி.வி. சத்தத்தைக் கூட்டுவாள்.

சிலோன் கேம்ப்புக்குள் மாணவர்களைக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருந்தார்கள். வகுப்பு முடியப்போகிறது, அனுமதி வரவில்லை. "அங்க இருக்கிற ஒருத்தராவது இங்க வந்து பேசினா நல்லா இருக்கும். யாரைப் போய்க் கேக்கறதுன்னு தெரியல" என்று மேடம் கவலைப்பட்டாள்.

"இதுக்குப் போயி! நான் கூட்டியாறேன் மேடம்" என்றான் வீரபாகு. ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கேம்ப் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான். வழக்கமாக அவன் இறங்குவதில்லை. யோகராணி குழாயடியில் நின்றிருந்தாள்.

"யோகாம்மா, நாளைக்கு ஒரு நாள் என்னோட வேலூர் வரணும். காலேஜ் புள்ளைங்க. நீ வந்த கதையைச் சொன்னாப் போதும்."

"எனக்கென்ன பேசத் தெரியும் அண்ணை?"

"தெரிஞ்சதைப் பேசு. பிரியாணி கீது, ஏ.சி. கீது."

யோகராணி மகளைப் பார்த்தாள். மகள் அப்போதுதான் குடத்தை வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம் அண்ணை, வாறன்" என்றாள். வீரபாகுவுக்குச் சந்தோஷம். நம் பேச்சுக்கு இந்தக் கேம்ப்பில் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கைப்பையோடு வாசலில் நின்றாள், ஆனால் வண்டியில் ஏறவில்லை.

"அண்ணை, வேற நாள் வரட்டே? இண்டைக்குச் செக்கிங் எண்டு இப்பதான் சொன்னவை. புது வீட்டுக் கணக்காம். நாலு மணிக்கு ஆர்.ஐ. வாறார்."

கேம்ப்பில் செக்கிங் என்றால் என்ன என்று வீரபாகுவுக்குத் தெரியாமல் இல்லை. பெயிண்ட் அடிக்க ஓசூர், பெங்களூர் என்று போன ஆம்பளைகள்கூட பிரஷ்ஷைப் போட்டுவிட்டு அன்றைக்கு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அகதிக் கார்டில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டரான அந்த ஆர்.ஐ. கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் வெளியில் குடியிருக்கிற ஆள் என்று எழுதிவிடுவார்கள். இந்தத் தடவை அதைவிடப் பெரிது. பழைய தகர ஷீட் அறைகளை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள், யாருக்கு வீடு என்பது இந்தக் கணக்கில்தான் முடிவாகும். மழை பெய்தால் யோகராணியும் மகளும் கட்டிலை நகர்த்தி நகர்த்தி ஒழுகாத மூலை தேடுகிற கதையைக் கஜேந்தினி வண்டியில் சொல்லி அவன் கேட்டிருக்கிறான்.

"நாலு மணிக்குத்தானே? மூணு மணிக்கு உன்னை இதே வாசல்ல எறக்கி வுடறேன். மேடம் கிட்ட சொல்லிட்டேன், புள்ளைங்க காத்துக்கினு இருக்கும். என் பொறுப்பும்மா, ஏறு."

அவள் ஏறினாள்.

வகுப்பில் யோகராணி நன்றாகத்தான் பேசினாள். மன்னாரில் ஏறிய படகு, கடலில் அவள் அப்பாவின் வாந்தி, மண்டபத்தில் இறங்கியது, அங்கிருந்து லாரியில் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டது, மகள் இங்கேயே பிறந்தது. பெரிய குரலில் இல்லை, குழம்பு வைப்பது எப்படி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். டெல்லிப் பையன் ஒருவன், உங்கள் ஊர் என்று எதைச் சொல்வீர்கள் என்று கேட்டான். "மகள் எங்க வேலைக்குப் போறாளோ அதுதான் தம்பி" என்றாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் வந்தது. கிளம்பியிருக்கலாம். நிறைய நேரம் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் சௌமியா மேடம் மைக்கில், "நமக்கு இன்னொரு பேச்சாளரும் இருக்காரு, இத்தனை நாள் கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். வீரபாகு முதலில் வேண்டாம் என்று கையாட்டினான், பிறகு எழுந்து போய் மைக்கைப் பிடித்தான்.

பிடித்தவன் விடவில்லை. ஷிப்ட் வண்டியில் வருகிற பெண்களின் சண்டை, பீகார் பையனுக்கு அவன் தமிழ் சொல்லிக்கொடுத்த கூத்து, தோல் ஷாப் நாற்றம் தாங்காமல் முதல் நாளே ஓடியவன் மறுநாள் திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அவனுக்கு அடுத்த கதை ஞாபகம் வந்தது. கடைசியில், "இதோ கீறாங்களே இந்தம்மா, இவுங்க பொண்ணுக்காக நான் தெனம் வண்டியை நிறுத்தி வைக்கிறேன். வேற யாருக்கும் நிக்க மாட்டேன்" என்றான். கைதட்டல் பலமாக வந்தது.

அப்போது அவன் யோகராணியைத் திரும்பிப் பார்த்தான். மேடையோரம் நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்து, எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கை தட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பிறகு வெறும் மணிக்கட்டை, வாட்ச் இல்லாத மணிக்கட்டை, அவனுக்குத் தெரிகிற மாதிரி லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாது. பார்த்தான், இன்னும் ஒரே ஒரு கதை என்று நினைத்தான், அதைச் சொன்னான். அது சின்னக் கதையும் இல்லை.

திரும்பும்போது வண்டியை விரட்டினான். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போதே நாலு மணி ஆகிவிட்டது. யோகராணி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவனும் பதிலுக்கு எகிறியிருப்பான், அது அவனுக்குத் தெரிந்த தொழில். பேசாமல் இருப்பவளிடம் என்ன செய்வது என்று தெரியவில்லை. மாதனூர் தாண்டியதும் அவனாகவே சொன்னான்: "ஆர்.ஐ. ஏதாவது கேட்டா, டோல்கேட்டாண்ட லாரி கவுந்துடுச்சி, ரோடு பிளாக்னு சொல்லிடு. அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்."

"ஓம்" என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது செக்கிங் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்.ஐ. ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். யோகராணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தை வீரபாகு கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"ஐயா, டோல்கேட்டுக்குக் கிட்ட லாரி ஒண்டு கவிண்டு போச்சு. ரோட் பிளாக். அதான் பிந்திட்டுது."

ஆர்.ஐ. காலைக் கீழே வைத்தார். "எந்த டோல்கேட்டு?"

"பள்ளிகொண்டா, ஐயா."

"நானும் வேலூர் மீட்டிங் முடிச்சிட்டு அதே ரோட்டுலதானே வந்தேன்? எந்த லாரி கவுந்துச்சு?"

யோகராணி நின்றாள். பத்தடி தள்ளி வண்டி நிற்கிறது. அதில் வீரபாகு உட்கார்ந்திருக்கிறான். அவள் திரும்பி அவன் பக்கம் ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். வீரபாகு கதவுப் பிடியில் கையை வைத்தான், திறக்கவில்லை. கை அங்கேயே இருந்தது.

"வெளியில குடியிருந்துக்கிட்டு வீட்டுக்கு மட்டும் வந்து நிக்கற கேஸா? சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்கே கதை சொல்றீங்களேம்மா" என்று சொல்லி, ஆர்.ஐ. எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் வண்டி போவதற்கு முன்பே கஜேந்தினி வாசலில் நின்றாள். அதற்கடுத்த நாளும். தண்ணீரை யார் பிடிக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா குடம் தூக்குவதை அவனே பார்த்தான். வண்டியில் மற்றப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். யோகராணி பெயர் வீட்டுக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம், விசாரித்துத்தான் சொல்வார்களாம். கஜேந்தினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பை மாம்பழமும் வாங்கிக்கொண்டு கேம்ப்புக்குள் போனான். யோகராணி பாய் போட்டு உட்காரச் சொன்னாள், தேத்தண்ணி கொடுத்தாள். "பரவாயில்லை அண்ணை, நீங்கள் வேணுமெண்டு செய்தனீங்களே?" என்றாள். அந்தப் பரவாயில்லையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, செருப்பால் அடி வாங்கி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

வகுப்பு முடிய இன்னும் சில நாள் இருந்தது, தினம் வேலூர் போகிற வழியில் டோல்கேட் வரும். லாரி கவிழாத அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பார்த்தான்.

அஸ்பாக்கிடம்தான் முதலில் சொன்னான். டீக்கடையில், "இன்னா தோஸ்த், லெக்சரர் ஆய்ட்டியாமே? இனிமே வண்டிய யாரு ஓட்டறது?" என்று அஸ்பாக் கிண்டலாக ஆரம்பித்தான். வீரபாகு எல்லாவற்றையும் கொட்டினான். அஸ்பாக்கின் சிரிப்பு நின்றது.

"அந்தம்மா மாட்டிக்கினு நிக்குது, நீ வண்டியில குந்திக்கினு இருந்தியா?"

"ஆமா."

"எறங்கி ஒரு வார்த்தை சொன்னா இன்னா, நாக்கு வெந்துருமா?"

"அப்ப தோணல."

"தோணலயா, பயமா?"

வீரபாகு டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தான்.

மறுநாள் ஆர்.ஐ.யைத் தேடி அவர் ஆபீஸுக்குப் போனான். வெளி வராந்தாவில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். லாரி எதுவும் கவிழவில்லை, அந்தம்மா காலேஜில் இருந்தது, தாமதத்துக்கு நான்தான் காரணம், பொய்யையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றான். ஆர்.ஐ. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் ஒரே வேலையைப் பல வருஷம் பார்த்தவர்.

"அன்னிக்கு லாரின்னாங்க. இன்னிக்கு நீங்க வந்து காலேஜ்னு சொல்றீங்க. ரெண்டையும் சொல்லிக் கொடுத்தது நீங்கதான்றீங்க. நான் எதை நம்பறது?"

வீரபாகு வண்டியை எடுத்தான். வேலூர் போய் சௌமியா மேடத்திடம் சொன்னான். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான்தானே அண்ணா உங்களைப் பேசச் சொன்னேன். அவங்களுக்கு வேலை இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள். பாரத்தில் பாதியை அவள் தலையில் இறக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் அவனுக்கு ஆசை வந்தது. "நீங்க பேசத்தான் சொன்னீங்க மேடம். மூணு மணிக்கு எறக்கி வுடறேன்னு சொன்னது நான்" என்றான்.

வகுப்புகளை எல்லாம் வீடியோ எடுத்து வைப்பார்களாம். அன்றைய வீடியோவில் தேதியும் நேரமும் இருக்கும் என்றாள். அதைப் போனில் ஏற்றிக்கொண்டு அவனுடனேயே வண்டியில் வந்தாள்.

ஆர்.ஐ. மேஜையில் போனைச் சாய்த்து வைத்தார்கள். மேடம் யோகராணி பேசிய இடத்தை வைத்தாள். "எப்ப வந்தாங்கன்றது சரி, எப்ப வரைக்கும் இருந்தாங்க? தள்ளி வைங்க" என்றார் ஆர்.ஐ. தள்ளி வைத்தாள். திரையில் வீரபாகு வந்தான்.

அவன் தன்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. மைக்கை ஐஸ்கிரீம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற ஒருத்தன். அவனுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், பையோடு யோகராணி. அவன் அவளைப் பார்க்கவில்லை என்று திரையைப் பார்த்த பிறகு சொல்ல முடியாது. அவன் திரும்புவதும் அவள் மணிக்கட்டைத் தூக்குவதும் அவன் மறுபடி மைக் பக்கம் திரும்புவதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக இருந்தது.  அந்தக் கடைசிக் கதைக்கு ஆர்.ஐ. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் பேசறீங்க" என்றார். தோலை உரிக்கிற மாதிரி இருந்தது வீரபாகுவுக்கு.

வீடியோ முடிந்ததும் ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றினார். "சரி, இவங்க இருந்தது காலேஜ்லதான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் அந்தம்மாவைக் கேக்கும்போது நீங்க வண்டியிலதானே இருந்தீங்க?"

"இருந்தேன் சார்."

"அந்தம்மா உங்களைக் காட்டியிருக்கலாமே. ஏன் காட்டல?"

"தெரியல சார்" என்றான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவள் நல்ல மனசுக்காரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தான்.

அவன் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். மேடமும் எழுதிக் கொடுத்தாள். "நிறுத்தி வெச்சதை எடுத்துடறேன். ஆனா தாசில்தார் பார்த்துத்தான் முடிவு. ஒருவாட்டி நேர்ல வந்து பாப்பாங்க. அன்னிக்கு அந்தம்மா எங்கயும் போகக் கூடாது" என்றார்.

அன்று சாயங்காலமே வீரபாகு கேம்ப்புக்குப் போனான். யோகராணி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். கஜேந்தினி அப்போதுதான் அஸ்பாக்கின் வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். ஆர்.ஐ. ஆபீஸுக்குப் போனதையும், எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டதையும், வீடு இன்னும் கைக்கு வரவில்லை ஆனால் போகவும் இல்லை என்பதையும் நின்றபடியே சொன்னான். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். குறைந்தது ஒரு பெருமூச்சாவது.

யோகராணி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். முகத்தில் கலவரம்தான் வந்தது.

"எங்களாலே நீங்கள் ஆபீஸ் வாசல்ல போய் நிக்க வேண்டி வந்திட்டுதே அண்ணை."

"அத வுடும்மா."

"உங்களைக் கை காட்டினா உங்களுக்குக் கோவம் வரும் எண்டுதான் அண்டைக்கு வாய் திறக்கேல்ல. இப்ப இப்பிடியாகிட்டுது." அவள் மகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கஜியை வண்டியில ஏத்தாமல் விடமாட்டீங்கள்தானே அண்ணை? அவளுக்கு இந்த வேலை ஒண்டுதான் இருக்கு."

வீரபாகுவுக்கு ஏதேதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. இந்தப் பயத்தில்தானா அன்றைக்கு வாறன் என்றாய், இதற்காகத்தானா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு ஏறினாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. 

"ஏத்த மாட்டேன்னு எவன் சொன்னான்?" என்றான்.

வழக்கமாக வண்டியில் பெண்களை அதட்டுகிற அதே குரலில்தான் அது வந்தது. அவனிடம் வேறு குரல் இல்லை. யோகராணி சட்டென்று ஓரடி பின்னால் நகர்ந்து, "இல்லை அண்ணை, இல்லை, சும்மாதான் கேட்டனான்" என்றாள்.